‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’: பாதியில் மூடி வைத்தவர்கள் கேட்கும் கேள்விகள்

இந்த நாவலை நான் மூன்று முறை ஆரம்பித்தேன். முதல் முறை கல்லூரியில், சீனியர் ஒருவரிடம் இரவல் வாங்கி. முன்னுரையைத் தாண்டவில்லை. இரண்டாம் முறை டாம் பாம்படில் என்பவரின் வீட்டில் நின்றுவிட்டேன். மூன்றாம் முறை பிரீ என்ற ஊரின் சத்திரத்துக்குள் நுழைந்தேன். அன்று விளக்கை அணைக்கும்போது மணி மூன்று. அப்புறம் நானே பலர் கையில் இந்தப் புத்தகத்தைத் திணித்திருக்கிறேன். எல்லாரும் ஏறக்குறைய ஒரே இடங்களில் திணறி, ஒரே கேள்விகளோடு திரும்பி வந்தார்கள். பேச்சு பெரும்பாலும் முதல் பாகத்தின் முன்பாதியைப் பற்றித்தான். கடைசியில் நடப்பதைச் சொல்லவேண்டிய இரண்டு இடங்களில் முன்கூட்டியே எச்சரிக்கிறேன்.

இவ்வளவு மெதுவாக ஏன் ஆரம்பிக்கிறது?

எழுதியவருக்கே கதை எங்கே போகிறது என்று தெரியாததால்தான். கிண்டலாகச் சொல்லவில்லை, நடந்தது அதுதான்.

ஜே. ஆர். ஆர். டோல்கீன் ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலம் கற்பித்த பேராசிரியர். 1937 செப்டம்பரில் ‘தி ஹாபிட்’ என்ற அவருடைய சிறுவர் நாவல் வெளியாகி நன்றாகப் போனது. ஹாபிட் என்பது மனிதனில் பாதி உயரமுள்ள, வெறுங்காலோடு நடக்கிற, சாப்பாட்டுப் பிரியமுள்ள ஓர் இனம். பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின், ஹாபிட்களைப் பற்றி இன்னொன்று கொடுங்கள் என்று கேட்டார். அதே ஆண்டு டிசம்பரில் டோல்கீன் உட்கார்ந்து ஒரு பிறந்தநாள் விருந்தைப் பற்றி முதல் அத்தியாயம் எழுதினார். கையில் கதை என்று எதுவும் இல்லை. தொடக்கக்கால வரைவுகளில் நாயகனின் பெயர் பிங்கோ. சாலையில் ஒருவன் குதிரையில் வந்து மோப்பம் பிடிக்கிற காட்சி இருக்கிறதே, முதலில் எழுதியபோது வந்தவர் காண்டால்ஃப் என்ற நல்ல மந்திரவாதி! விளையாட்டாக எழுதிக்கொண்டிருந்தவர், வெள்ளைக் குதிரையைக் கறுப்பாக்கினார். வந்தவன் யார் என்று தனக்கே தெரியாமல் மேலே எழுதினார். அந்த ஒரு மாற்றத்தில் சிறுவர் கதை வேறு ஏதோ ஒன்றாகத் திரும்பிவிட்டது.

தையல் இன்னும் தெரிகிறது. மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு நரி வரும். மரத்தடியில் படுத்துத் தூங்கும் ஹாபிட்களைப் பார்த்து, இதென்னடா அதிசயம் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டு போய்விடும். நரி யோசிப்பது நாவலில் அந்த ஒரு தடவைதான். பெரியவர்கள் நாவலில் இது என்ன வேலை என்று முதல் வாசிப்பில் எரிச்சல் வந்தது. 1937-இல் ஆரம்பித்த குழந்தைப் புத்தகத்திலிருந்து தவறி உள்ளே வந்துவிட்ட நரி அது என்று தெரிந்தபின் அதன்மேல் ஒரு பாசமே வந்துவிட்டது. எழுதி முடிக்க 1949 ஆயிற்று. முதல் பாகம் 1954 ஜூலையில் வெளியானது.

முதல் எட்டு அத்தியாயங்களை இந்தக் கண்ணோடு படித்துப் பாருங்கள். வழி தெரியாமல் நடக்கிற ஹாபிட்களுக்குப் பின்னால், அவர்களைவிட வழி தெரியாத ஒருவர் பேனாவோடு நடந்து வருகிறார்.

சரி, எந்த இடத்தில்தான் சூடு பிடிக்கும்?

எனக்கு ஒன்பதாம் அத்தியாயம். நண்பர்கள் சிலருக்கு இரண்டாம் அத்தியாயமே போதுமாக இருந்தது. மோரியா என்ற சுரங்கத்துக்குள் நுழையும்வரை ஒருவர் முணுமுணுத்துக்கொண்டே படித்தார், ஆனால் படித்தார்.

ஒன்பதாம் அத்தியாயத்தில் ஹாபிட்கள் நால்வரும் இருட்டிய பிறகு பிரீ ஊர்ச் சத்திரத்துக்கு வருகிறார்கள். நாயகன் ஃப்ரோடோ பொய்ப் பெயர் சொல்லியிருக்கிறான். பொதுக்கூடத்தில் நல்ல கூட்டம். சின்னவன் பிப்பின், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், ஊரில் நடந்த அந்தப் பிறந்தநாள் விருந்தையே கதையாகச் சொல்ல ஆரம்பிக்கிறான். பேச்சை மாற்ற ஃப்ரோடோ மேசைமேல் ஏறிப் பாடி, துள்ளி, விழுந்து, போட்டவரை மறையவைக்கும் மாய மோதிரம் விரலில் மாட்டி, அத்தனை பேர் முன்னால் மறைந்துபோகிறான். சிரிப்பும் வருகிறது, வயிற்றையும் கலக்குகிறது. சுவரோரம் சேறு படிந்த பூட்சோடு ஒருவன் புகைபிடித்தபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஊரார் அவனை ஸ்ட்ரைடர் என்கிறார்கள்.

அந்த மூலையில் உட்கார்ந்திருந்தவன் யார் என்று ஃப்ரோடோவுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் எனக்கும் தெரியும் என்று டோல்கீனே 1955-இல் கவிஞர் டபிள்யூ. எச். ஆடனுக்கு எழுதினார். முதல் வரைவில் அவன் மரக்காலணி போட்ட ஒரு ஹாபிட். இவனை நம்பலாமா கூடாதா என்ற தவிப்பு அந்தப் பக்கங்களில் நிஜமாக இருப்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. காண்டால்ஃப் கொடுத்துவிட்டுப் போன அவசரக் கடிதத்தை ஏறக்குறைய மூன்று மாதமாக அனுப்ப மறந்திருக்கிறார் சத்திரக்காரர். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, வேலை மும்முரம். உலகமே ஆபத்தில் இருக்கும்போது ஒரு நல்ல மனிதரின் மறதியில் காரியம் தொங்குகிறது பாருங்கள், அங்கேதான் நான் விழுந்தேன்.

முன்னுரையைப் படித்தே ஆகவேண்டுமா?

வேண்டாம். ஹாபிட்களின் வம்சம், புகையிலை, ஊர் நிர்வாகம் என்று போகும். ‘தி ஹாபிட்’ படிக்காதவர்கள் மட்டும் மோதிரம் கிடைத்த கதை வரும் பகுதியைப் பார்த்துவிட்டு முதல் அத்தியாயத்துக்குப் போகலாம். மற்றதைப் புத்தகத்தை முடித்துவிட்டுப் படித்தால் இனிக்கும். நானே அப்படித்தான் படித்தேன்.

முதல் அத்தியாயத்தில் பிறந்தநாள் விருந்தைத் தவிர ஒன்றுமே இல்லையே?

இருக்கிறது, ஆனால் அது சமையலறைப் பக்கம் நடக்கிறது.

‘தி ஹாபிட்’ நாயகன் பில்போவுக்கு 111 வயது, அவர் வளர்க்கும் ஃப்ரோடோவுக்கு அன்றைக்கே 33. இரண்டையும் கூட்டினால் 144, குடும்பப் பந்தலுக்கு அழைக்கப்பட்டவர்களும் 144 பேர். எண்ணிக்கையைச் சரிக்கட்டத்தான் தங்களைக் கூப்பிட்டார்கள் போல என்று அவர்களுக்குள் முகச்சுளிப்பு. கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்த யாருக்கும் இது புரியும். விருந்து முடிந்து பில்போ ஊரைவிட்டுப் போகும்போது உறவினர்களுக்கு விட்டுச்செல்லும் பரிசுகளைக் கவனியுங்கள். குடையை எடுத்துப்போய்த் திருப்பித் தராத உறவினருக்கு ஒரு குடை. வெள்ளிக் கரண்டிகளைச் சுருட்டியதாகச் சந்தேகிக்கப்பட்ட லோபீலியாவுக்கு ஒரு பெட்டி வெள்ளிக் கரண்டி. ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய சீட்டு வேறு.

நாவலின் முதல் பயமும் இந்த அத்தியாயத்திலேயே, வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது. மோதிரத்தை உறையில் போட்டு அடுப்பங்கணப்பின் மேல் வைத்துவிட்டதாகச் சொல்கிறார் பில்போ. பார்த்தால் அது அவர் பையிலேயே இருக்கிறது. கொடுத்துவிட்டுப் போ என்று காண்டால்ஃப் சொன்னதும், அத்தனை சாதுவான கிழவர் சீறுகிறார், கை வாளின் பிடிக்குப் போகிறது. ஒரு நல்ல மனிதர், பல வருட சிநேகிதர் முன்னால், ஒரு நொடி வேறு ஆளாகிவிடுகிறார். நான் முதலில் படித்தபோது இதைக் கவனிக்கவே இல்லை. வாண வேடிக்கை எப்போது முடியும் என்று பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

(முடிவு தெரியவேண்டாம் என்றால் இந்தப் பத்தியைத் தாண்டுங்கள்.) மூன்றாம் பாகத்தின் கடைசிக்கு முந்தைய அத்தியாயத்தில் ஹாபிட்கள் திரும்பி வரும்போது அவர்கள் ஊரான ஷையர், ரவுடிகளின் பிடியில் இருக்கிறது. பந்தலுக்குள் நின்ற அந்த விருந்து மரம் வெட்டிக் கிடக்கிறது. கரண்டித் திருடி லோபீலியா, குடையைத் தூக்கிக்கொண்டு ரவுடிகளை எதிர்த்து நின்றதற்காகச் சிறையில் இருந்திருக்கிறாள். அவள் மெல்லத் தள்ளாடி வெளியே வரும்போது ஊரே கைதட்டுகிறது. விருந்து அத்தியாயத்தை அவசரமாகப் புரட்டியவருக்கு அந்தக் கைதட்டலில் பாதிதான் கேட்கும்.

இரண்டாம் அத்தியாயம் வரலாற்றுப் பாடம் மாதிரி இருக்கிறது. தாண்டலாமா?

கூடாது. எதை விட்டாலும் இதை விடாதீர்கள். மோதிரம் யாருடையது, ஏன் அழிக்கவேண்டும், அதைக் கையில் வைத்திருப்பவனை அது என்ன செய்யும் என்ற எல்லாமே இங்கேதான் இருக்கிறது. அறைக்குள் இரண்டு பேர் பேசிக்கொண்டிருப்பது உண்மைதான். ஆனால் மோதிரத்தைக் கணப்பில் போட்டு எடுக்கும்போது அதில் நெருப்பெழுத்து தோன்றுகிறது, ஜன்னலுக்கு வெளியே தோட்டக்காரன் சாம் புல் வெட்டும் சத்தம் நடுவில் நின்றுபோகிறது. காது கொடுத்துப் படிக்கவேண்டிய அத்தியாயம்.

டாம் பாம்படில்?

வந்துவிட்டதா இந்தக் கேள்வி!

நீல அங்கி, மஞ்சள் பூட்ஸ், வாய் ஓயாத பாட்டு. கறுப்புக் குதிரைக்காரர்கள் துரத்திக்கொண்டிருக்கும்போது இந்த மனிதர் வந்து ஹாபிட்களை வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பாலும் தேனும் ரொட்டியும் கொடுத்துத் தூங்கவைக்கிறார். கதை அப்படியே படுத்துவிடுகிறது. இரண்டாம் முயற்சியில் நான் புத்தகத்தை மூடியது இங்கேதான். பாம்படில் இந்த நாவலுக்காகப் பிறந்தவரே இல்லை. டோல்கீன் வீட்டுக் குழந்தைகளின் பொம்மை ஒன்றிலிருந்து வந்தவர், 1934-இலேயே கவிதை ஒன்றின் நாயகன். கதை தடுமாறிய நேரத்தில் பழைய சிநேகிதரைக் கூப்பிட்டுக்கொண்டார் போலிருக்கிறது. 2001-இல் வந்த பீட்டர் ஜாக்சனின் படத்தில் இவரை முழுக்க வெட்டினார்கள். யாரும் பெரிதாகத் தேடவில்லை.

ஆகவே ஏழாம் அத்தியாயத்தை வேகமாகப் புரட்டுங்கள், பாவமில்லை. ஒரே ஒரு காட்சியில் மட்டும் நில்லுங்கள். மோதிரத்தை வாங்கி விரலில் போட்டுக்கொள்கிறார் பாம்படில், மறையவில்லை. பிறகு ஃப்ரோடோ போட்டுக்கொண்டு மறைகிறான், அவர் கண்ணுக்கு மட்டும் தெரிகிறான். எல்லாரையும் ஆட்டிவைக்கும் பொருள் இவரிடம் வெறும் வளையம். அப்படியானால் இவரிடமே கொடுத்துவிடலாமே என்று பின்னால் ஒரு சபையில் பேச்சு வருகிறது. எங்காவது வைத்துவிட்டு மறந்துவிடுவார் என்கிறார் காண்டால்ஃப். அந்தப் பதில் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

எட்டாம் அத்தியாயத்தை மட்டும் முழுதாகப் படியுங்கள். மூடுபனி, பழைய அரசர்களின் புதைமேடு, உள்ளே பேய். நண்பர்கள் மூவரும் நினைவிழந்து கிடக்க, மோதிரத்தைப் போட்டுக்கொண்டு தான் மட்டும் தப்பிவிடலாமா என்று ஃப்ரோடோவுக்குத் தோன்றுகிறது. அவன் அப்படிச் செய்யவில்லை. அவன் என்ன மாதிரி ஆள் என்பது அப்போதுதான் நமக்கும் தெரிகிறது. (மறுபடியும் எச்சரிக்கை.) அந்தப் புதைமேட்டிலிருந்து எடுத்த குறுவாளைக் கொண்டுதான் மூன்றாம் பாகத்தில் அந்த நண்பர்களில் ஒருவனான மெரி எதிரிப்படையின் தலைவனைக் குத்துகிறான். அந்தத் தலைவனோடு போரிட்ட மக்கள் அவனுக்கென்றே வடித்த ஆயுதம் அது. படத்தில் வாள்களை ஸ்ட்ரைடர் சாதாரணமாக எடுத்துக் கொடுத்துவிடுவதால் இந்த முடிச்சே இல்லாமல் போனது.

பாட்டுகளையெல்லாம் படிக்கவேண்டுமா?

முதல் வாசிப்பில் வேண்டாம். எல்ஃப் என்ற இனம் வாழும் ரிவென்டெலில் ஒரு பாட்டு அவர்கள் மொழியிலேயே, மொழிபெயர்ப்பு இல்லாமல் நிற்கும். அதை மட்டும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், ஓசை நன்றாக இருக்கும்.

ஒரே ஆளுக்கு நாலைந்து பெயர். குழம்புகிறதே?

பார்த்தன், விஜயன், தனஞ்சயன், காண்டீபன் எல்லாம் அர்ஜுனன்தான் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது ஒரு பொருட்டா? ஸ்ட்ரைடர்தான் ஆரகார்ன், அவன்தான் எலெஸ்ஸார். நண்பன் எந்தப் பெயரில் கூப்பிடுகிறான், ஊரான் எந்தப் பெயரில் கூப்பிடுகிறான் என்று பார்த்தால் போதும். இடப்பெயர்களுக்கு வரைபடம் இருக்கிறது. ஒரு விரலை அந்தப் பக்கத்தில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

வாரத் தொடர்கதை படித்துப் பழகிய எனக்கு இந்த நடை ஒத்துவருமா?

எனக்கும் அதே பழக்கம்தான். அத்தியாய முடிவில் யாராவது கதவைத் தட்டவேண்டும், இல்லையென்றால் கை தானாக வேறு எதையோ தேடும். இந்த நாவலில் பல அத்தியாயங்கள் தூக்கத்தில் முடிகின்றன. அப்போது எனக்குக் கைகொடுத்தது வேறு ஒரு பழக்கம். கம்பர் ராமனைப் பிறக்கவைப்பதற்கு முன் ஆற்றுப்படலம், நாட்டுப்படலம், நகரப்படலம் என்று சரயு நதியையும் கோசல நாட்டையும் அயோத்தியையும் காட்டிவிட்டுத்தான் அரண்மனைக்கே வருகிறார். அங்கே கதை எங்கே என்று யாரும் கேட்பதில்லை. ஷையர் அத்தியாயங்களை டோல்கீனின் நாட்டுப்படலம் என்று வைத்துக்கொண்டேன். உடனே மூச்சு சீரானது.

ஆங்கிலம் கடினமா?

வாக்கியம் கடினமில்லை, நிலம்தான் கடினம். புல்மேடு, சதுப்பு, ஓடை, பள்ளம் ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு பழஞ்சொற்கள். அகராதியைத் தொடாதீர்கள். மேடா பள்ளமா, ஈரமா உலர்வா என்று தெரிந்தால் நடக்கலாம்.

படம் பார்த்துவிட்டேன். இனி புத்தகம் எதற்கு?

படத்தில் காண்டால்ஃப் மோதிரத்தைப் பார்த்துவிட்டுப் போய், விசாரித்து, உடனே திரும்பி வந்துவிடுவது போல் இருக்கும். புத்தகத்தில் விருந்துக்கும் அவர் உண்மையோடு திரும்புவதற்கும் நடுவில் 17 ஆண்டுகள். உண்மை தெரிந்த பிறகும் ஃப்ரோடோ ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை ஊரிலேயே இருக்கிறான். வீட்டை விற்கிறான், அதுவும் லோபீலியா குடும்பத்துக்கு. ஐம்பதாவது பிறந்தநாளைக் கொண்டாடிவிட்டு மறுநாள் கிளம்புகிறான். படத்தில் பார்த்த பையனல்ல இவன், வீட்டை விட்டுப் போக மனசு வராத நடுவயதுக்காரன். எனக்கு நாற்பது தாண்டியபின் இந்தத் தாமதம் குறையாகத் தெரியவில்லை. லோபீலியாவின் சிறை, வெட்டிய மரம் எல்லாம் வரும் அந்தக் கடைசிப் பகுதியும் படத்தில் இல்லை.

பிரீ தாண்டினால் அப்புறம் தடையே இல்லையா?

ஒன்று இருக்கிறது. முதல் பாகத்தின் பின்பாதியில், ரிவென்டெலின் தலைவர் எல்ராண்டின் சபை. மிக நீளமான அத்தியாயம், முழுக்கப் பேச்சு. காண்டால்ஃப் ஏன் சொன்ன நாளில் வரவில்லை என்ற விடை அங்கேதான் கிடைக்கும், அதனால் விடவும் முடியாது. இரண்டு இரவுகளாகப் பிரித்துப் படியுங்கள். காண்டால்ஃப் பேச ஆரம்பிக்கும் இடத்தில் இரண்டாம் இரவை ஆரம்பித்தால் சரியாக இருக்கும். அடுத்ததற்கு அடுத்த அத்தியாயம் மோரியா. அதைப் பற்றி வாயைத் திறக்கமாட்டேன்.

எவ்வளவு படித்துப் பார்த்துவிட்டுக் கைவிடலாம்?

ஸ்ட்ரைடர் என்ற தலைப்புள்ள பத்தாம் அத்தியாயம் வரை. முதல் பாகத்தில் அத்தியாயங்கள் மொத்தம் 22, பாதிகூட ஆகவில்லை. அங்கேயும் அவன் யார் என்று தெரிந்துகொள்ள மனசு துடிக்கவில்லை என்றால் தாராளமாக விட்டுவிடுங்கள். படிக்க எத்தனையோ இருக்கிறது. ஐநூறு பக்கம் பொறுத்துக்கொள், அப்புறம் பார் என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. ஒன்று சொல்கிறேன், இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் டோல்கீன் தன் நாவலில் பிறர் சொன்ன குறைகளில் ஒன்றை மட்டும் ஒப்புக்கொண்டார்: புத்தகம் ரொம்பச் சின்னது!

ஒரே தொகுதியாக வாங்கவா, மூன்றாகவா?

எழுதியவர் ஒரே நாவலாகத்தான் எழுதினார். போருக்குப் பிந்தைய காலத்தில் காகித விலையும் அச்சுச் செலவும் எக்கச்சக்கம் என்பதால் பதிப்பாளர்தான் மூன்றாக்கினார். நமக்கு அது வசதி. முதல் பாகத்தை மட்டும் வாங்குங்கள், பேருந்திலும் தூக்கிப்போகலாம், மார்பில் வைத்துப் படுத்தபடி படித்தாலும் மூச்சு முட்டாது. இரவல் வாங்கினால் ஒழுங்காகத் திருப்பிக் கொடுங்கள். நான் கொடுக்கவில்லை, அந்த சீனியர் எங்கே பார்த்தாலும் இன்னும் கேட்கிறார். எனக்கு என்ன பரிசு விட்டுப்போவார் என்று தெரியவில்லை.